அடிமனை யாருடையது?

ஸ்ரீரங்கத்திலோ கும்பகோணத்திலோ கோயிலைச் சுற்றிய தெருக்களில் வீடு பார்க்கப் போனவர்களுக்கு ஒரு சொல் பழகியிருக்கும்: அடிமனை. வீடு குடியிருப்பவருடையது, அது நிற்கும் மண் கோயிலுடையது. தாத்தா சுவர் எழுப்பியிருப்பார், அப்பா மாடி எடுத்திருப்பார், மகன் தரைக்கு டைல்ஸ் போட்டிருப்பார். அத்தனையும் குடும்பத்துச் சொத்து. மண்ணுக்கு மட்டும் கோயில் அலுவலகத்தில் வாடகை கட்டி ரசீது வாங்கி வர வேண்டும். வீட்டை வாங்க வருகிறவர் இதைக் கேட்டதும் முகம் சுருங்கிவிடும். வங்கியும் கடன் தரத் தயங்கும். நம் ஊரில் அடிமனை என்றாலே வில்லங்கம் என்ற எண்ணம் ஊறிவிட்டது.

மண் ஒருவருக்கு, வீடு இன்னொருவருக்கு என்ற இதே ஏற்பாட்டை அறிந்தே தேர்ந்தெடுத்து, எளியவர்கள் ஊரைவிட்டுத் துரத்தப்படாமல் காக்க முனைந்த ஒரு சிறுநகரம் இருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்கே வெர்மான்ட் மாநிலத்தில், சாம்ப்ளெய்ன் ஏரிக்கரையில் உள்ள பர்லிங்டன். அந்த மாநிலத்தின் மிகப் பெரிய ஊரே அதுதான். ஆனாலும் 1980 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 38,000ஐத் தொடவில்லை, 2020இல் 45,000ஐத் தொடவில்லை. நம் கணக்கில் ஒரு சிறிய நகராட்சி.

பர்லிங்டனின் நாற்பதாண்டு அனுபவத்தைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. எளியவர்களுக்குக் கட்டுப்படியாகும் வீட்டை ஒருமுறை கட்டிக் கொடுப்பதைவிட, அதை என்றென்றும் கட்டுப்படியாகும் வீடாகவே வைத்திருப்பது கடினம். அதற்கு மண்ணைக் காக்கும் அமைப்பு ஒன்று ஊருக்குள்ளேயே வேண்டும். இந்த யோசனையின் வேர்களில் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது என்பது இதில் நாம் மறந்துபோன பகுதி.

ஏரிக்கரை ஊரின் நெருக்கடி

பர்லிங்டனில் வெர்மான்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. பக்கத்தில் எசெக்ஸ் ஜங்ஷனில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆலை 1950களிலேயே வந்துவிட்டது. ஒருபக்கம் மாணவர்கள், மறுபக்கம் நல்ல சம்பளக்காரர்கள். இரு தரப்பாரும் வீடு தேடுகிற ஊரில் வாடகை ஏறாமல் இருக்காது. ரயில் தண்டவாளங்களும் எண்ணெய்த் தொட்டிகளும் ஆக்கிரமித்திருந்த ஏரிக்கரைமீது 1980களின் தொடக்கத்தில் கட்டுமான முதலீட்டாளர்களின் கண் விழுந்தது. கரை அழகானால் அதையடுத்த தெருக்களின் மனை விலையும் ஏறும். அந்தத் தெருக்களில்தான் ஓல்டு நார்த் எண்டு என்ற பழைய உழைப்பாளர் குடியிருப்பு இருந்தது. நெருக்கமான மரவீடுகள், பெரும்பாலும் வாடகைக் குடும்பங்கள்.

1981 மார்ச்சில் நடந்த மேயர் தேர்தலில் பெர்னி சாண்டர்ஸ் வெறும் 10 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பின்னாளில் அதிபர் வேட்பாளராகும் முயற்சியில் உலகறிந்தவர் ஆனவர் இவரே. அவர் பொறுப்பேற்ற அதே ஆண்டில் வாஷிங்டனில் ரீகன் அரசு அமைந்து, ஏழைகளின் வீட்டுவசதிக்கான நிதியை வெட்டத் தொடங்கியது. மேலிருந்து வரும் பணம் வற்றப்போகிறது என்று தெரிந்தபின், இருக்கும் பணத்தை எப்படிச் செலவிடுவது என்ற கேள்வி கூர்மையாகிவிட்டது. நகராட்சி 1983இல் சமூக, பொருளாதார மேம்பாட்டுக்கென்று தனி அலுவலகம் ஒன்றை அமைத்தது.

அந்த அலுவலகத்தின் முன்னிருந்தது எளிய, ஆனால் சங்கடமான கேள்வி. ஒரு குடும்பம் வீடு வாங்க அரசு மானியம் கொடுக்கிறது. ஆறேழு ஆண்டில் அந்தக் குடும்பம் சந்தை விலைக்கு வீட்டை விற்றுவிட்டுப் போகிறது. மானியம் அவர்களோடு போய்விடுகிறது. அடுத்த ஏழைக் குடும்பத்துக்கு அதே வீட்டை வாங்கித் தர முன்பைவிடப் பெரிய மானியம் தேவைப்படுகிறது. ஓட்டைக் குடத்தில் எத்தனை காலம் தண்ணீர் ஊற்றுவது?

போச்சம்பள்ளியிலிருந்து ஜார்ஜியாவுக்கு

விடை தேடிய பர்லிங்டன் கண்டெடுத்தது சமூக நில அறக்கட்டளை என்ற வடிவம். அதன் வரலாற்றைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் தெலங்கானாவுக்கு வந்து சேர்வோம்.

1951 ஏப்ரல் 18 அன்று போச்சம்பள்ளியில் வினோபா பாவேயின் பூதான இயக்கம் பிறந்தது. நிலமற்றவர்களுக்கு நிலமுள்ளவர்கள் தானம் கொடுத்தார்கள். ஆனால் தனித்தனிக் குடும்பத்துக்குக் கொடுத்த நிலம் அவர்கள் கையில் தங்குவது அரிதாக இருந்தது. ஏரில்லை, மாடில்லை, விதைக்கு முதலில்லை. கடன் வந்த வழியே நிலம் போனது. அந்த அனுபவத்துக்கு விடையாக வளர்ந்தது கிராமதானம். 1952இல் உத்தரப் பிரதேசத்தின் மங்ரோத் கிராமம் தன் நிலத்தை ஊருக்கே எழுதி வைத்தது. உழுகிறவர் உழலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். விற்கவோ அடகு வைக்கவோ தனியாளுக்கு உரிமையில்லை. மண்ணின் உடைமை ஊருக்கு, பயன்பாடு குடும்பத்துக்கு. தமிழ்நாட்டில் இந்தச் செய்தியை ஊர் ஊராக நடந்து சொன்னவர்கள் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும்.

அமெரிக்கச் சிந்தனையாளர் ரால்ஃப் போர்சோடி 1950களின் பிற்பகுதியில் இந்தியாவில் வாழ்ந்து இந்த இயக்கத்தை நெருங்கிப் பார்த்தவர். அவரோடு சேர்ந்து உழைத்த ராபர்ட் ஸ்வான், இரண்டாம் உலகப் போரில் ஆயுதமேந்த மறுத்துச் சிறை சென்றவர். கிராமதானத்தை அமெரிக்க மண்ணுக்கேற்ப மாற்ற முடியுமா என்ற யோசனையில் இருந்த ஸ்வான், தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் இருந்த ஸ்லேட்டர் கிங், சார்லஸ் ஷெரோட் போன்றவர்களோடு சேர்ந்தார். வாக்குரிமைக்குப் பதிவு செய்ததற்காகக் குத்தகை நிலத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களை அவர்கள் கண்முன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1968இல் இஸ்ரேலுக்குப் போய், பொதுநிலத்தைக் குத்தகைக்கு விடும் முறையையும் நேரில் கண்டு வந்தார்கள்.

1969இல் ஜார்ஜியாவின் லீ கவுண்டியில் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ தொடங்கியது. ஏறத்தாழ 5,700 ஏக்கர். கறுப்பின மக்கள் கையிலிருந்த மிகப் பெரிய நிலப்பரப்புகளில் ஒன்று. வறட்சி வந்தபோது அரசு விவசாயக் கடன் நேரத்துக்குக் கிடைக்கவில்லை, 1985இல் நிலம் ஏலத்தில் போனது. கடன் வழங்கியதில் நிறப் பாகுபாடு இருந்தது என்பதற்காக 2009இல் சுமார் 1.2 கோடி டாலர் இழப்பீடு கிடைத்தது. நிலம் போனது, யோசனை பிழைத்தது. 1972இல் ஸ்வானும் நண்பர்களும் அதைக் கையேடாக எழுதி வெளியிட்டிருந்தார்கள். அந்த வழிவந்த ஆலோசகர்களைத்தான் பர்லிங்டன் நகராட்சி 1983இல் அழைத்துப் பேசியது.

ஒரு வீட்டின் கணக்கு

1984இல் நகர மன்றம் இரண்டு லட்சம் டாலரை விதைப்பணமாக ஒதுக்க, பர்லிங்டன் சமூக நில அறக்கட்டளை பிறந்தது. அமெரிக்காவில் ஒரு நகராட்சியே முன்நின்று இத்தகைய அறக்கட்டளையை உருவாக்கியதில் இதுவே முன்னோடி.

அது செயல்படும் விதத்தை ஒரு வீட்டை வைத்தே பார்த்துவிடலாம். எளிமைக்காக வட்டமான எண்களை எடுத்துக்கொள்கிறேன். வீடும் மனையும் சேர்ந்து சந்தையில் ஒரு லட்சம் டாலர். அறக்கட்டளை பொதுப் பணத்திலிருந்து 30,000 போடுகிறது. குடும்பம் வங்கிக் கடனோடு 70,000 கொடுக்கிறது. கட்டடம் குடும்பத்தின் பெயரில் பதிவாகிறது. மனை அறக்கட்டளையின் பெயரில் நின்று, நீண்டகாலக் குத்தகையாகக் குடும்பத்துக்கு வருகிறது. மாதாமாதம் சிறு தொகை அடிமனை வாடகை. வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். சுவருக்கு எந்த நிறம் அடிப்பது, தோட்டத்தில் என்ன வைப்பது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சில ஆண்டு கழித்து அந்தச் சொத்தின் சந்தை மதிப்பு 1,40,000 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் ஊர் மாறுகிறது. அப்போது குத்தகைப் பத்திரத்தில் எழுதியிருக்கும் சூத்திரம் வேலை செய்யும்: போட்ட பணமும், கட்டி முடித்த கடனும் முழுதாக அவர்களுக்கு, கூடுதல் மதிப்பில் கால் பங்கும் அவர்களுக்கு. கூடுதல் 40,000, அதில் கால் பங்கு 10,000. எனவே வீடு 80,000க்கு அடுத்த எளிய குடும்பத்துக்குப் போகிறது. மானியமாகத் தந்திருந்தால், அடுத்தவருக்கு இதே சொத்தை 80,000க்குத் தர அரசு புதிதாக 60,000 கொடுக்க வேண்டியிருக்கும். இங்கே புதிதாக ஒரு காசும் தேவையில்லை. முதலில் போட்ட 30,000 மண்ணோடு தங்கி அடுத்த குடும்பத்துக்கும் நிழல் தருகிறது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது விலை எங்கே ஏறுகிறது என்பதை. மரமும் செங்கல்லும் ஆண்டுக்காண்டு தேயக்கூடியவை. ஏறுவது பெரும்பாலும் மண்ணின் மதிப்பு. பக்கத்தில் பள்ளி வருகிறது, சாலை வருகிறது, ஏரிக்கரை பூங்காவாகிறது. அதெல்லாம் ஊர் கூடி உண்டாக்கிய மதிப்பு. அதில் கால் பங்கு குடும்பத்துக்கு, முக்கால் பங்கு ஊருக்கு என்று எழுதிவைத்ததுதான் பர்லிங்டன் செய்தது.

எதிர்ப்பும் துணையும்

தொடக்கம் சுமுகமாக இல்லை. அறக்கட்டளையை எதிர்க்க வீட்டு உரிமையாளர்கள் ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழுவின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ‘நிறுத்து’ என்று பொருள் வரும். மண் சொந்தமில்லாத வீடு என்ன வீடு என்பது அவர்களின் வாதம். நம் அடிமனைத் தெருக்களில் கேட்கும் அதே கேள்வி. வங்கிகளும் முதலில் தயங்கின. குத்தகை மனைமேல் நிற்கும் கட்டடத்தை எப்படி ஈடாகக் கொள்வது? பத்திர வாசகங்களைத் திருத்தித் திருத்தி, கடன் தவறினால் வங்கியின் உரிமை என்ன, அறக்கட்டளையின் உரிமை என்ன என்று தெளிவாக எழுதியபின்னரே கதவு திறந்தது.

எதிர்ப்புக்கு விடையாக அமைந்தது அறக்கட்டளையின் நிர்வாகக் குழு. சமூக நில அறக்கட்டளைகளின் மரபுப்படி அதில் மூன்று தரப்பு அமர்கிறது. அறக்கட்டளை வீடுகளில் குடியிருப்பவர்கள் ஒரு தரப்பு. குடியிருக்காத ஊர்க்காரர்கள் இன்னொரு தரப்பு. நகராட்சி உள்ளிட்ட பொது நலனைப் பேசுகிறவர்கள் மூன்றாம் தரப்பு. குடியிருப்பவர்கள் மட்டும் அமர்ந்தால் விலைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தத் தோன்றும். அதிகாரிகள் மட்டும் அமர்ந்தால் ஆட்சி மாறும்போது கொள்கையும் மாறும். மூவரும் ஒரே மேசையில் இருந்தால் ஒருவரை ஒருவர் கண்காணிப்பார்கள்.

அறக்கட்டளையைத் தனியே விடவுமில்லை. 1987இல் வெர்மான்ட் மாநிலம் வீட்டுவசதியையும் விளைநிலப் பாதுகாப்பையும் ஒரே வாரியத்தின் கீழ் கொண்டுவந்தது. மற்ற ஊர்களில் ஒருவரை ஒருவர் எதிர்க்கும் இரு தரப்பு அங்கே கைகோத்தது. வயலைப் பிளாட் போடக் கூடாது என்பவர்களும் ஏழைக்கு வீடு வேண்டும் என்பவர்களும் ஊருக்குள் நெருக்கமாகக் கட்டுவதே இருவருக்கும் நல்லது என்று உணர்ந்தார்கள். சொத்துப் பரிமாற்ற வரியிலிருந்து அந்த வாரியத்துக்குப் பங்கு கிடைத்தது. பர்லிங்டன் வாக்காளர்கள் தங்கள் சொத்துவரியைச் சற்றே உயர்த்தி வீட்டுவசதி நிதிக்குத் தர ஒப்புக்கொண்டார்கள். 1990இல் புதிய குடியிருப்பு கட்டுகிறவர் அதில் ஒரு பகுதியை எளியவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதியும் வந்தது.

இந்த ஏற்பாடுகளுக்குச் சோதனையாக வந்தது நார்த்கேட். 336 வீடுகள் கொண்ட அந்த வாடகைக் குடியிருப்பு நடுவண் அரசின் மானியக் கடனில் கட்டப்பட்டது. கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டால் உரிமையாளர் வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடலாம். ஏரியையொட்டிய இடம் வேறு. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே வீச்சில் வெளியேற்றப்படும் அபாயம். குடியிருந்தவர்கள் சங்கமாகத் திரண்டார்கள், நகராட்சியும் மாநிலமும் பின்னால் நின்றன. 1989இல் அந்தக் குடியிருப்பு அவர்கள் பக்கம் வந்து சேர்ந்தது. இது நில அறக்கட்டளையின் தனிச் சாதனையல்ல. வீட்டுவசதி என்பது ஊரின் பொறுப்பு என்று பர்லிங்டன் பழகிக்கொண்டிருந்ததன் பலன்.

சோதித்துப் பார்த்த உண்மை

நல்ல எண்ணத்தில் தொடங்கிய திட்டங்கள் நிறைய. அவற்றுள் கணக்கைத் திறந்து காட்டியவை குறைவு. பர்லிங்டன் அறக்கட்டளையின் 1984 முதல் 2008 வரையிலான 205 மறுவிற்பனைகளை ஆராய்ந்தார்கள். முதல்முறை விற்றபோது, அவ்வட்டாரத்தின் நடுத்தர வருமானத்தில் சராசரியாக 57 விழுக்காடு ஈட்டும் குடும்பத்துக்கு வீடு எட்டும் விலையில் இருந்தது. மறுமுறை விற்றபோது அது சுமார் 53 விழுக்காடாகியிருந்தது. அதாவது ஊரில் மனை விலை ஏறிய அதே காலத்தில், அந்த வீடுகள் முன்னைவிடச் சற்று வறிய குடும்பத்துக்கும் எட்டின. விற்றுச் சென்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அடுத்து வெளிச்சந்தையில் வீடு வாங்கினார்கள். அறக்கட்டளை வீடு அவர்களைக் கட்டிப் போடவில்லை, ஏணியாக இருந்திருக்கிறது.

இன்னொரு சோதனையை 2008 நிதி நெருக்கடி வைத்தது. அமெரிக்கா முழுவதும் வீட்டுக்கடன் தவறி, குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்த காலம். 2010 இறுதியில் நாட்டின் பொதுவான வீட்டுக்கடன்களில் 4.63 விழுக்காடு ஜப்தி நடவடிக்கையில் இருந்தன. சமூக நில அறக்கட்டளை வீடுகளில் அந்த அளவு 0.46 விழுக்காடு, பத்தில் ஒரு பங்கு. வருமானம் குறைந்தவர்கள் வாங்கிய வீடுகள் இவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். காரணத்தில் மாயமில்லை. தாங்கக்கூடிய விலை, ஏமாற்றுக் கடனுக்கு இடமில்லாத பத்திரம், தவணை தவறத் தொடங்கியதும் வீட்டுக்கு வந்து என்ன சிரமம் என்று கேட்கிற ஓர் அமைப்பு.

2006இல் இந்த அறக்கட்டளை, வாடகை வீடுகளைக் கவனித்துவந்த ஒரு சகோதர நிறுவனத்தோடு இணைந்து சாம்ப்ளெய்ன் வீட்டுவசதி அறக்கட்டளை ஆனது. இன்று அதன் பொறுப்பில் 600க்கும் மேற்பட்ட சொந்த வீடுகளும் 2,000க்கும் மேற்பட்ட வாடகைக் குடியிருப்புகளும் இருக்கின்றன. 2008இல் அதற்கு உலக வாழிட விருது கிடைத்தது. அதே 2008இல், உழவருக்கு நிலம் மீட்டுத் தந்த உழைப்புக்காக ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதிக்கு ‘மாற்று நோபல்’ என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. ஒரே விதையின் இரு கிளைகள் ஒரே ஆண்டில் பூத்ததை அன்று யாரும் சேர்த்துப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

எட்டாதவை

பர்லிங்டன் வீட்டுப் பிரச்சினையைத் தீர்த்துவிட்ட ஊர் அல்ல. வாடகை இன்றும் எளியவர்களின் வருமானத்தை விழுங்குகிறது, வீடற்றவர்கள் தெருவில் இருக்கிறார்கள். இருக்கும் வீடுகளின் விலையை அறக்கட்டளையால் காக்க முடியும். ஊருக்குத் தேவையான அளவு வீடுகள் கட்டப்படாவிட்டால் அந்தக் குறையை அதனால் மட்டும் நிரப்ப முடியாது.

நியாயமான இன்னொரு விமர்சனமும் உண்டு. வசதியுள்ளவர் மனை விலை ஏற்றத்தில் தலைமுறைச் சொத்து சேர்க்கும்போது, ஏழைக்கு மட்டும் கால் பங்கு என்பது அநீதி இல்லையா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. என் விடை இது: இவர்கள் வாடகை வீட்டிலேயே இருந்திருந்தால் அந்தக் கால் பங்கும் கிடைத்திருக்காது. மேலும், முழுப் பங்கையும் முதல் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டால் வரிசையில் நிற்கும் இரண்டாவது குடும்பத்தின் பங்கை யார் தருவது?

நமக்கான பாடம்

நம்மிடம் திட்டங்களுக்குக் குறைவில்லை. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆகியிருக்கிறது. 2015 முதல் பிரதமரின் வீட்டுவசதித் திட்டம் மனை வைத்திருக்கும் நகர்ப்புறக் குடும்பத்துக்கு வீடு கட்ட 1.5 லட்சம் ரூபாய் ஒன்றிய மானியம் தந்துவந்தது. இலவச வீட்டுமனைப் பட்டா வழங்கும் விழாக்களும் நடந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் மனை இல்லாத குடும்பத்துக்கு, மண் விலை எட்டாத ஊரில், வழி அடைபட்டுவிடுகிறது. சென்னையில் கூவக் கரையில் இருந்தவர்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டதற்கு மூலகாரணங்களில் ஒன்று ஊருக்குள் இருக்கும் மண்ணின் விலை.

விற்கக் கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை எழுதினால் போதாதா? போதாது என்பதற்கு நம் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் தந்த அறிக்கையை ஒட்டி 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலம் வழங்கப்பட்டது. முதல் பத்தாண்டு விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் அதே மக்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று அன்றே தெளிவாக எழுதினார்கள். எழுத்து தாளில் இருந்தது, நிலம் கைமாறியது. ஒவ்வொரு குடும்பமும் தனியாக நின்று கடன்காரரையும் செல்வாக்குள்ளவரையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபரில் காரணையில் அம்பேத்கர் சிலை வைத்ததையொட்டி எழுந்த மோதலில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்க ஓர் அமைப்பு இல்லாமல் போனதற்கு நாம் கொடுத்த விலை இது.

பூதானத்திலும் பார்த்தோம், பஞ்சமியிலும் பார்த்தோம். ஏழையிடம் மண்ணைக் கொடுத்துவிட்டுத் தனியே விட்டால் மண் போய்விடுகிறது. கோயில் அடிமனை நமக்குக் காட்டுவது இதன் மறுபக்கம். அங்கே மண்ணுக்குக் காவல் உண்டு, ஆனால் குடியிருப்பவருக்கு அந்தக் காவலில் குரல் இல்லை. வாடகை நிர்ணயத்தில் அவர் ஒரு தரப்பாக அமர்வதில்லை, நிலுவைக்காரராகவே பார்க்கப்படுகிறார். பர்லிங்டன் இந்த இரண்டு குறையையும் ஒருசேரக் களைந்தது. மண்ணுக்குக் காவல் வைத்தது, அந்தக் காவலில் குடியிருப்பவருக்கும் இடம் வைத்தது.

ஒரு பேரூராட்சியோ சிறு நகராட்சியோ இதைத் தொடங்கப் பெருந்தொகை தேவையில்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் ஓர் ஏக்கர் நகராட்சி இடத்தை ஏலத்தில் விடாமல் வைத்திருக்கும் துணிவு வேண்டும். துப்புரவுப் பணியாளர், சந்தையில் மூட்டை தூக்குகிறவர், தனியார் பள்ளி ஆசிரியை என்று அந்த ஊரை நடத்துகிறவர்கள் அந்த ஊரிலேயே வீடு கட்ட அந்த மண்ணைக் குத்தகைக்குத் தரலாம். வங்கி ஏற்கும் பத்திரத்தைச் சட்டத்துறை ஒருமுறை எழுதிக் கொடுத்தால் எல்லா ஊரும் பயன்படுத்தும். அதற்கு முன், அந்த மண்ணைக் காக்கும் மேசையில் யார் யார் அமர்வது என்பதை ஊர் கூடி முடிவு செய்ய வேண்டும். குடியிருக்கப்போகும் குடும்பங்களுக்கு அதில் நாற்காலி போட்ட பிறகே அஸ்திவாரம் தோண்ட வேண்டும்.